சீர்த்தட்டில் வெள்ளைக் கோட்டு

இந்த வருடம் சேர்க்கை மேசையில் முதல்முறையாக உட்காரப் போகிறீர்கள். உங்களுக்குப் பாடம் நடத்தத் தெரியும், வார்டில் பிள்ளைகளை நிறுத்தி வேலை வாங்கத் தெரியும். அந்த மேசை மட்டும் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. திண்டிவனத்தை ஒட்டிய ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் டியூட்டராகச் சேர்ந்து, துணை முதல்வராக ஓய்வு பெற்றவள் நான். நடத்திய பாடத்தில் பாதி மறந்துவிட்டது. அந்த மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்களை மட்டும் மறக்க முடியவில்லை.

உங்களுக்கு விவரமெல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கல்விக் கடன், அரசு உதவித்தொகை, முதல் பட்டதாரிச் சலுகை, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதாமாதம் வருகிற பணம், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மாதிரி அரசு இடம் கிடைத்தால் செலவு எவ்வளவு குறையும் என்பது, இப்படி. எல்லாவற்றையும் வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள், சோம்பல்படாதீர்கள். ஆனால் கடன் சேர்ந்த பிறகுதான் வரும். உதவித்தொகை படித்துக்கொண்டிருக்கும்போது வரும். சேருவதற்கு முன்னால் கட்ட வேண்டிய முதல் தவணைக்கு ஒன்றும் வராது. நம் பக்கத்துப் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் அதுதான்.

அந்த இடத்தை அவர்கள் தாண்டுகிற விதத்தைப் பார்த்து நான் வாயடைத்துப் போயிருக்கிறேன். மகள் பிறந்த வருடம் வரப்பில் நட்ட தேக்கை வெட்டி விற்றுவிட்டு வந்தார் விக்கிரவாண்டிப் பக்கத்து அப்பா ஒருவர். மரம் சாயும்போது மகளையும் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தாராம். விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் வருடம் முழுக்க நின்றே வேலை பார்த்து, சம்பளத்தைத் தொடாமல் சேர்த்துக்கொண்டு வந்தாள் ஒரு பெண். வார்டில் நாள் முழுக்க நிற்க வேண்டும் என்று நான் மிரட்டியபோது, சிரித்துவிட்டாள். மகளிர் குழுவில் தனக்கு வந்த கடனை எதிர்வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கு விட்டுக்கொடுத்த அம்மாவும் உண்டு. அவர் தன் வீட்டுக் கூரையை அந்த வருட மழைக்கும் தார்ப்பாய் போட்டுத்தான் ஓட்டினார்.

இவர்களில் யாரைப் பற்றி வேண்டுமானாலும் ஒரு நாள் முழுக்கப் பேசலாம். இன்றைக்கு அஞ்சலையைப் பற்றிச் சொல்கிறேன். நான் மேசையை விட்டு எழுந்து ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. அது நடந்திருக்காவிட்டால், பணம் என்றால் என்னவென்று தெரியாமலே வீட்டுக்குப் போயிருப்பேன்.

அஞ்சலைக்கு மயிலம் பக்கத்தில் ஒரு கிராமம். சொந்த நிலம் கிடையாது. நடவு, களையெடுப்பு, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குவது, வேலை இல்லாத நாளில் நூறு நாள் வேலை. கணவர் சென்னையில் கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். ஒரே மகள் அபிநயா. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். எங்கள் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. முதல் தவணை கட்டக் கெடு கொடுத்திருந்தோம். வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிற வாரத்தின் தொடக்கத்தில் அஞ்சலை தனியாக வந்தார்.

வழக்கம்போல நான் கடன், உதவித்தொகை என்று ஒப்பிக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, வரப்போகிற திங்கட்கிழமை வரைக்கும் இடத்தை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்றார். அதற்குள் பணத்துக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டேன். கந்துவட்டிக்குப் போய்விடப் போகிறாரோ என்று எனக்குப் பயம்.

"எங்கயும் போவத் தேவல மேடம். துட்டு இருக்குது. ஊர்ல கெடக்குது," என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. அஞ்சலைக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஊரில் நடந்த எந்தக் கல்யாணத்தையும், காதுகுத்தையும், மஞ்சள் நீராட்டையும் அவர் மொய் வைக்காமல் விட்டதில்லை. புருஷன் இறந்த வருடம்கூடத் தம்பி கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மொய் என்பது நம் ஊர்ப் பக்கம் அன்பளிப்பு இல்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைத்தவர் வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் ஒரு பத்து ரூபாயாவது கூட்டித் திருப்பி வைக்க வேண்டும். ஆனால் விசேஷம் என்று ஒன்று வந்தால்தான் திரும்பும். வீட்டு வாசலில் போய் நின்று கேட்டுவிட முடியாது. அப்படிக் கேட்டவர்கள் அந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அஞ்சலை வீட்டில் விசேஷமே நடந்ததில்லை.

அபிநயா வயதுக்கு வந்தபோது கையில் காசில்லாததால் மஞ்சள் நீராட்டைத் தள்ளி வைத்திருந்தார்கள். நம் பக்கத்தில் அது சகஜம். சடங்கை வீட்டோடு முடித்துக்கொண்டு, ஊரைக் கூட்டிச் செய்கிற விழாவை வசதி வரும்போது வைத்துக்கொள்வார்கள். அந்த விழாவை இந்த ஞாயிற்றுக்கிழமை வைக்கப் போவதாக அஞ்சலை சொன்னார். ஊரெல்லாம் சிதறிக் கிடக்கிற மொய் ஒரே சாயங்காலத்தில் வந்து சேரும். திங்கட்கிழமை காலையில் கட்டிவிடலாம்.

நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். களை பிடுங்குகிற கூலியில் இத்தனை வருடமாக ஊர் முழுக்க விதைத்து வைத்திருக்கிறார். எந்தப் பாங்கும் இல்லை, பத்திரமும் இல்லை. இல்லாதவர் என்று நினைத்துத்தானே நான் அவருக்குக் கடன் வாங்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தேன். தாளாளரிடம் பேசி, திங்கட்கிழமை காலை பத்து மணி வரை கெடு வாங்கிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை மதியம் அபிநயா வந்தாள். தனியாக, முகமெல்லாம் சிவந்து. என் மேசைக்கு முன்னால் நின்று, தன் பெயரை எடுத்துவிடும்படி சொன்னாள். படிக்க இஷ்டமில்லையா என்று கேட்டதற்கு, ஆமாம் என்றாள். பொய் என்று பார்த்தாலே தெரிந்தது. மெல்ல மெல்லப் பேச்சுக் கொடுத்ததில் விஷயம் வந்தது. அவள் தாய்மாமன் ஏழுமலை, குயிலாப்பாளையம் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் தோட்ட வேலை பார்ப்பவர், அக்காள் மகள் விசேஷம் என்றதும் தலைகால் புரியாமல் போய் கூட்டேரிப்பட்டு பஸ் ஸ்டாப்பில் ஆளுயரத்துக்கு ஒரு பேனர் கட்டிவிட்டார். 'மஞ்சள் நீராட்டு விழா' என்று கொட்டை எழுத்து. அபிநயாவின் பள்ளிக்கூட அடையாள அட்டைப் படத்திலிருந்து தலையை மட்டும் எடுத்து, நகையும் பட்டும் உடுத்திய வேறு யாரோ ஒரு பெண்ணின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். தினமும் அவள் பஸ் ஏறுகிற இடம் அது.

"அந்த விசேஷம் நடந்தாத்தான் படிப்புன்னா எனக்குப் படிப்பே வேணாம் மேடம்," என்றாள்.

அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து தாளாளர் கூப்பிட்டனுப்பினார். முழுப் பணத்தோடு இன்னொரு குடும்பம் அவர் அறையில் உட்கார்ந்திருந்தது. கீழே நடந்த பேச்சு எப்படியோ அதற்குள் மேலே போய்விட்டது. பெண்ணே வேண்டாம் என்கிறபோது நீங்கள் ஏன் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தக் குடும்பத்துப் பெண்ணும் படிக்க வந்தவள்தான். திங்கள் பத்து மணி வரை நீங்கள் கொடுத்த கெடு இருக்கிறது என்றேன். பத்து மணிக்கு இடம் காலியாக இருந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அழுதுகொண்டே வந்து பெயரை எடுக்கச் சொல்கிற பிள்ளையின் பெயரை அன்றைக்கே எடுக்காதீர்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு டீ வாங்கிக் கொடுங்கள். நான் செய்ததும் அவ்வளவுதான். அவளை பெஞ்சில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அஞ்சலைக்குப் போன் போட்டேன். அவர் களையெடுத்துக்கொண்டிருந்த கொல்லையிலிருந்து அப்படியே கிளம்பி, காலில் மண்ணோடு வந்து சேர்ந்தார். பின்னாலேயே ஏழுமலையும் பைக்கில் வந்துவிட்டார்.

அஞ்சலை மகளைத் திட்டவில்லை. பேனர்தான் பிரச்சினை என்றால் கழற்றிவிடலாம் என்றார். அபிநயா தலையாட்டினாள், அது இல்லை என்று. ஆம்பிளைப் பசங்க கேலி பண்ணுகிறார்களா என்று ஏழுமலை கேட்டார். அதற்கும் இல்லை என்றே தலையாட்டினாள். வேறு எதுவும் சொல்லவில்லை. இந்த வயதில் மேடையில் உட்கார வெட்கப்படுகிறாள் என்று நாங்கள் மூன்று பேரும் முடிவு கட்டிக்கொண்டோம். விசேஷம் இல்லையென்றால் மொய் இல்லை, மொய் இல்லையென்றால் படிப்பு இல்லை.

அஞ்சலைதான் பேசினார். குரலை உயர்த்தாமல், இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

"விசேஷமே வேணாமா, அந்த விசேஷம் வேணாமா?"

அபிநயா நிமிர்ந்து பார்த்தாள். "அந்த விசேஷந்தான்ம்மா வேணாம்."

"அப்ப வேற வைப்போம். நீ நர்சு படிக்கப் போறல்ல. அதுக்கு வைப்போம்."

ஏழுமலை பதறிப் போனார். படிக்கப் போவதற்கு விசேஷம் வைத்து யாராவது பார்த்திருக்கிறார்களா, ஊர் எப்படி மொய் எழுதும், அதை நாளைக்கு எந்தக் கணக்கில் திருப்புவது என்று அடுக்கினார். அவர் கேட்டதெல்லாம் நியாயம். அஞ்சலையிடம் அதற்கும் பதில் இருந்தது. அவங்க வூட்டுப் பொண்ணு படிக்கப் போவும்போது நான் போய் வைப்பேன் என்றார். ஏழுமலை தலையைச் சொறிந்துகொண்டு என் பக்கம் திரும்பினார். தாய்மாமன் சீர் இல்லாமல் விசேஷம் கிடையாது. வளையலும் பட்டும் இந்த விசேஷத்துக்கு ஆகாதே, வேறு என்ன வைப்பது என்று கேட்டார். பிள்ளைகள் கல்லூரி விடுதியில் சேரும்போது கொண்டுவர வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டேரிப்பட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து ஊருக்குப் போனேன். பஸ் ஸ்டாப்பில் பேனர் அப்படியே இருந்தது. தலைப்பின் மேல் மட்டும் வெள்ளைச் சார்ட் பேப்பர் ஒட்டி, 'நர்சிங் படிக்கச் செல்லும் விழா' என்று கையால் எழுதியிருந்தார்கள். பட்டும் நகையும் போட்ட அந்த உடம்பு மட்டும் மாறவில்லை. ஆட்டோவில் வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் சின்னப் பந்தல். ஒரு மேடை, ஒரு நாற்காலி. மொய் எழுதுகிற மேசையில் மைக்கோடு ஒருவர். சாப்பாடு கிடையாது, கேசரியும் வடையும் டீயும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பின் வரிசைகளில் கொஞ்சம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசைகள் காலி. ஊர் ஆண்கள் எதிரே டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வராமலும் இல்லை, வந்ததாகவும் இல்லை. யாராவது ஒருவர் முதலில் போய் எழுதினால் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் நினைத்தால் ஒருவரும் போக மாட்டார்கள் அல்லவா, அந்த நிலைமை. மேசையில் இருந்தவர் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாளாளரின் முகம் கண்முன் வந்து போனது.

அப்போது தெருமுனையில் மேளம் கேட்டது. ஏழுமலை சீர் கொண்டு வந்தார். முன்னால் அவர், பின்னால் வரிசையாகப் பெண்கள், ஒவ்வொருவர் தலையிலும் ஒரு தட்டு. பழம், பூ, வெற்றிலை பாக்குத் தட்டு முன்னால் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு வாளி, அதற்குள் மக். ஒரு தலையணையும் போர்வையும். பாடப் புத்தகங்களின் மேல் ஒரு முழம் மல்லிகை. வெள்ளை ஷூ ஒரு ஜோடி. ஸ்டெதாஸ்கோப்பை வளைத்து நடுவில் குங்குமச் சிமிழ் வைத்திருந்தார்கள். கடைசித் தட்டில் மடித்த வெள்ளைக் கோட்டு. சீர்த்தட்டில் வெள்ளைத் துணி வைப்பதா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. புதுத்துணிக்கு வைக்கிற மாதிரி அதன் காலர் முனையில் மஞ்சளைத் தொட்டு வைத்திருந்தார் ஏழுமலை. நான் எத்தனையோ வருடம் பிள்ளைகளுக்கு அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அதை ஒருவர் தலையில் சுமந்து, மேளத்தோடு கொண்டுவர நான் பார்த்ததில்லை. என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

அபிநயா சாதாரணச் சுடிதாரில் மேடைக்கு வந்தாள். வழக்கப்படி மூத்த சுமங்கலியாக அவளுடைய பெரிய அத்தை மேடையேறி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கோட்டை எடுத்துப் பிரித்தார். அபிநயா அவர் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த, இத எங்கம்மா போடட்டும்."

அஞ்சலை எங்கே என்று அப்போதுதான் நான் தேடினேன். பந்தலுக்கு வெளியே, டீ அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் அங்கே நின்றதை நான் உட்பட யாருமே வித்தியாசமாக நினைக்கவில்லை. புருஷன் இல்லாதவர் சுபகாரியத்தில் மேடைக்கு வருவதில்லை. பெற்ற மகளின் விசேஷமாக இருந்தாலும் அப்படித்தான். அங்கிருந்தே அவர் வேண்டாம் என்று கையை அசைத்தார்.

அத்தை சங்கடத்தோடு, வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே என்று தணிந்த குரலில் சொன்னார். அபிநயா கோபப்படவில்லை.

"இதுக்கு வழக்கமே இல்லியே அத்த. இன்னிக்குத்தான நம்ம ஊர்ல மொத தபா நடக்குது," என்றாள்.

அத்தை கையில் கோட்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு மேடையை விட்டு இறங்கி, பந்தலைத் தாண்டிப் போய், அஞ்சலையின் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கோட்டைக் கொடுத்தார். ஏழுமலை மைக்கைப் பிடுங்கி, "அக்கா, ஜல்தி வா," என்றார்.

அஞ்சலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேடையேறினார். கோட்டு கொஞ்சம் பெரியது. மகளுக்கு மாட்டிவிட்டு, கைகளை மடித்துவிட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். கடைசிப் பொத்தான் மட்டும் மாட்டவே இல்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

முதல் மொய் எழுதியது யார் என்று கேட்பீர்கள். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்தார்கள். அத்தனை பேரும் அஞ்சலை மாதிரி புருஷனை இழந்தவர்கள்தான். எந்த விசேஷத்துக்கும் மகன் கையிலோ மருமகள் கையிலோ மொய்யைக் கொடுத்து அனுப்பிவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறவர்கள். அன்றைக்குத் தாங்களே மேசைக்கு நடந்து போய், தங்கள் பெயரைச் சொல்லி எழுதச் சொன்னார்கள். இறந்துபோன புருஷன் பெயரில் இல்லை, மகன் பெயரிலும் இல்லை. மைக்கில் அவர்கள் பெயர் கேட்டபோது அவர்களே கொஞ்சம் திடுக்கிட்டார்கள். அப்புறம் டீக்கடை காலியானது. பத்தாவது படிக்கிற பெண்களை வைத்திருந்தவர்கள் எழுதிவிட்டு நேராக என் நாற்காலிக்கு வந்து, எந்தப் பாடம் எடுத்தால் நர்சிங் கிடைக்கும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். கடைசி ஷேர் ஆட்டோவை எனக்காக நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை பத்து மணிக்கு முன்னாலேயே மூன்று பேரும் வந்துவிட்டார்கள். தவணையைக் கட்டியாயிற்று. தாளாளர் மாடியிலிருந்து இறங்கி வந்து அஞ்சலையைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அந்த இன்னொரு குடும்பத்துப் பெண்ணுக்கு அடுத்த வாரம் வேறு இடம் காலியாகி அவளும் சேர்ந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவும் மாமனும் வெளியே போன பிறகு அபிநயாவைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தேன். வெட்கம்தான் காரணம் என்று நினைத்தோம், முதலிலேயே விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"சொன்னா அம்மா வழக்கத்த மீற மாட்டாங்க மேடம். எனக்காக வெளியில நிக்கிறேன்னு நிப்பாங்க. எனக்கு மொய் வரணும்னு எங்கம்மா பந்தலுக்கு வெளியில நின்னுக்கினு இருக்க, நான் மேடையில உக்காந்துக்கினு இருக்கணுமா? அதுக்கு நானும் அவங்களோட களையெடுக்கப் போயிருப்பேன்."

சொல்லிவிட்டு வகுப்பு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டாள். வெளியே வரிசையில் நிறையப் பேர் காத்திருந்தார்கள். அடுத்தவரை உள்ளே கூப்பிட எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.